அரையணாக் கோலம்

காளிகாட்டில், காளி கோயிலுக்குப் போகிற சந்துகளில் ஒன்றில், அனந்தலக்ஷ்மி என்று ஒரு மாமி இருந்தாள். பிறந்தது மாயவரம். பதினாறு வயதில் புருஷன் சுந்தரேசனின் பின்னால் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினாள். அதற்கப்புறம் அவள் யார் பின்னாலும் நடந்ததாகத் தகவல் இல்லை.

சுந்தரேசன் டல்ஹௌசி சதுக்கத்துக் கரன்ஸி ஆபீஸில் குமாஸ்தா. வந்து குவிகிற நோட்டுகளை எண்ணி, கிழிசலை ஒரு பக்கமும் கள்ள நோட்டை ஒரு பக்கமும் தள்ளி, நல்லதைக் கட்டுக் கட்டாகக் கட்டி வைப்பது அவர் உத்தியோகம். இருபத்திரண்டு வருஷம் அதையே செய்ததில், வீட்டில் பொரித்த அப்பளத்தைக்கூட விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். சாது மனிதர். பயந்தவரும்கூட. மாமியின் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்கும் என்றால், இவர் இருமினால் பக்கத்து அறைக்குக் கேட்காது.

ஒரே பெண் விஜயலக்ஷ்மியைக் கட்டிக்கொடுத்து அனுப்பியபின் வீடு வெறிச்சென்று ஆனது. சும்மா இருக்கிற சுபாவமா மாமிக்கு? எதிர்சந்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த தமிழ்ப் பையன்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தாள். பாங்கு குமாஸ்தா, கம்பெனி குமாஸ்தா என்று பதினாலு பேர். தலைக்கு மாசம் பத்து ரூபாய். இரண்டு வேளைச் சாப்பாடு, காலையில் ஒரு டம்ளர் காப்பி. இரண்டாவது டம்ளர் வேண்டுமென்றால் அரையணா தனி. கல்கத்தாவில் அந்தக் காப்பிக்கு ஈடாக வேறொன்று கிடையாது. மதராஸிலிருந்து ரயில் பார்சலில் கொட்டை வரவழைத்து, தன் கையால் வறுத்து, தன் கையால் அரைத்துப் போடுவாள். பதினாலு பேரில் பன்னிரண்டு பேருக்கு இரண்டாவது டம்ளர் இல்லாமல் ட்ராம் ஏறக் கால் வராது.

அது சீமைச் சண்டையின், அதாவது முதல் உலக யுத்தத்தின், கடைசி வருஷம். வெள்ளி ரூபாய்கள் எந்தப் பொந்தில் போய் ஒளிந்தனவோ, கண்ணில் படவில்லை. சர்க்கார் ஒரு ரூபாய்க்கே காகித நோட்டு போட்டுவிட்டது. சில்லறையோ அதைவிடத் தட்டுப்பாடு. பையன்கள் காலையில் ஒரு ரூபாய் நோட்டை நீட்டி, "அரையணா எடுத்துண்டு மிச்சம் கொடுங்கோ மாமி" என்பார்கள்.

"மிச்சத்துக்கு நான் எங்கேடா போவேன்? ஆதி கங்கையில முழுகித் தேடணுமா?" என்று மாமி இரண்டு நாள் கத்தினாள். மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

பெண் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில் முந்நூற்றைம்பது மிஞ்சிக் கிடந்தது. கல்கத்தாவே திரண்டு வரும் என்று நினைத்து அடித்தது. வந்தது நாற்பது பேர். அந்த மஞ்சள் அட்டையை நாலாகக் கத்தரித்து, காவிக்கட்டியைக் குழைத்து, ஈர்க்குச்சியால் வெற்றுப் பக்கத்தில் ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்று போட்டாள். ஒரு துண்டுக்கு ஒரு காப்பி. சில்லறைக்குப் பதில் அதைக் கொடுத்தாள்.

"இதை எப்ப நீட்டினாலும் காப்பி. காலம்பற அஞ்சு மணியானாலும் சரி, சாயங்காலம் ஏழானாலும் சரி" என்றாள்.

சொன்னால் சொன்னதுதான். ஒரு நாள் மாமிக்குக் கடுமையான ஜுரம், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு பையன் விஷயம் தெரியாமல் சீட்டை நீட்டிவிட்டு, தெரிந்ததும், "வேண்டாம் மாமி, நாளைக்கு வரேன்" என்று பின்வாங்கினான். "நில்லுடா! எனக்குத்தான் ஜுரம், சீட்டுக்கு இல்லை" என்று எழுந்து வந்து அடுப்பு மூட்டினாள். இந்தக் கதை மத்தியானத்துக்குள் சந்து முழுக்கப் பரவிவிட்டது.

அப்புறம் நடந்ததற்கு மாமி பொறுப்பில்லை. ஒரு பையன் சவரம் செய்துகொண்டுவிட்டு, காசில்லாமல் சீட்டைக் கொடுத்தான். நாவிதர் அதை மூலைக் கடை ஹரிபத சாஹாவிடம் கொடுத்துப் பருப்பு வாங்கினார். சாஹா வாங்கிக்கொண்டார். பதினாலு மதராஸிப் பையன்களும் தன் கடையில்தான் சோப்பும் வெற்றிலையும் வாங்குகிறார்கள், மீதிச் சில்லறைக்கு இதையே தள்ளிவிடலாம் என்பது அவர் கணக்கு. பால்காரர் வாங்கினார். கோயில் வாசலில் செம்பருத்தி விற்கிற கிழவியும் வாங்கினாள். இத்தனைக்கும் இவர்களில் ஒருவர்கூட அந்தக் காப்பியை நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. ஒரு கட்டத்தில் சாஹா, சர்க்காரின் ஒரு ரூபாய் நோட்டை ஓரணா குறைத்துப் பதினைந்தணாவுக்குத்தான் எடுத்துக்கொள்வேன் என்றார். கோலச் சீட்டு முப்பத்திரண்டு கொண்டுவந்தால் முழு ரூபாய்!

கள்ளச் சீட்டும் வந்தது. நல்லது ஒன்று இருந்தால் கள்ளமும் வரத்தானே செய்யும். எவனோ ஒரு புத்திசாலி, அதே மஞ்சளில் அட்டை பிடித்து, தன் பெண்டாட்டியை வரையச் சொல்லியிருக்கிறான். வங்காளிப் பெண்களின் கை ஆல்பனா என்கிற அவர்கள் ஊர்க் கோலத்தைப் போட்டுப் பழகிய கை, கொடியும் இலையுமாகத் தன் இஷ்டத்துக்கு ஓடும். புள்ளி வைத்து, ஒரே இழையில் ஒவ்வொரு புள்ளியாகச் சுற்றி, தொடங்கின இடத்திலேயே வந்து முடிக்க அதற்குத் தெரியவில்லை. மாமி கொல்லைக் கதவருகே சீட்டை ஒரு பார்வை பார்த்தாள். "நாலாவது புள்ளியில இழை அறுந்திருக்கு. இதைப் போட்டவளை என்கிட்ட வரச்சொல்லு, கத்துக்கொடுக்கிறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதோடு அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

சுந்தரேசனுக்கு இது தெரியவந்த விதம்தான் பரிதாபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் முகம் மழித்துக்கொண்டு ஓரணாவை நீட்டினார். நாவிதர் மீதிக்கு ஒரு மஞ்சள் துண்டைக் கொடுத்தார். மனிதர் பழக்கதோஷத்தில் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அட்டையின் மறுபக்கத்தில், பாதி வெட்டுப்பட்டு, தன் பெயரே தெரிந்தது. இப்படிக்கு, சுந்தரேசன்.

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

"அனந்தம், என்னை ஜெயிலுக்கு அனுப்பப் போறியா? கேட்டவாளுக்குக் கொடுக்கறேன்னு காகிதம் போடற உரிமை சர்க்காருக்கு மட்டும்தாண்டி உண்டு. அந்தக் காகிதத்தை எண்ணறவன் நான். என் ஆத்துலயே நீ தனியாப் போட்டா? எவனாவது ஒருத்தன் போலீஸ் தாணாவுக்குப் போய் ஒரு புகார் எழுதிக் கொடுத்தாப் போறும். வேலையும் போச்சு, பென்ஷனும் போச்சு, மானமும் போச்சு!"

"நான் என்ன ராஜா தலையா போட்டிருக்கேன்? கோலம்னா போட்டிருக்கேன்."

"விளையாடாதே. எங்க நோட்டுக்குப் பின்னால தங்கம் இருக்கு, வெள்ளி இருக்கு, லண்டன்ல பவுன் இருக்கு. உலகம் பூரா அந்தப் பவுனை நம்பறது. சீனாக்காரன் இங்கிலீஷ்காரன்கிட்ட ஒரு கஜம் துணி வாங்காட்டாலும் பவுனை வாங்கி வெச்சுக்கறான். ஏன்? அடுத்தவன் மறுக்காம வாங்கிப்பான்னு தெரியும். உன் காகிதத்துக்குப் பின்னால என்னடி இருக்கு?"

"அவா பவுனைக் கடல் தாண்டி லண்டன்ல வெச்சிண்டிருக்கா. நான் கொட்டையை அடுக்களையில வெச்சிண்டிருக்கேன். எதுன்னா கிட்டக்க? அப்புறம், ஹரிபதாவும் காப்பி குடிக்கிறதில்லை. ஆனாலும் என் சீட்டை வாங்கி வெச்சிண்டிருக்கான். உங்க சீனாக்காரனுக்கு இவன் எந்த விதத்துல குறைச்சல்?"

இருபத்திரண்டு வருஷத்து ஆபீஸ் ஞானம் ரசச் சட்டியின் பக்கத்தில் தோற்றது. "எவனும் புகார் பண்ணாம பார்த்துக்கோ, அம்மா தாயே" என்று மட்டும் சுந்தரேசன் கெஞ்சினார். "ஒரு சீட்டைக்கூட இல்லைன்னு திருப்பி அனுப்பிடாதே. அனுப்பினியோ, அன்னிக்கு நான் தொலைஞ்சேன்."

"அனுப்பமாட்டேன்" என்றாள் மாமி. மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். பொல்லாத ஆசை குறுக்கே வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வந்தது. காசிப் பட்டு விற்கிறவன் ரூபத்தில் வந்தது. மாம்பழக் கலரில், அரக்குக் கரையிட்ட புடவை ஒன்றை அவன் விரித்துக் காட்டினான். இருபது ரூபாய் என்றான். இருபது ரூபாய்க்கு மாமி எங்கே போவாள்? "எடுத்துண்டு போ அப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன், "கோலச் சீட்டாகக் கொடுங்களேன் மாயி. மூலைக் கடையில் முழு விலைக்கு எடுத்துக்கொள்கிறார்களே" என்றான்.

மாமிக்கு ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. கொடுத்த சீட்டில் பாதிக்கு மேல் திரும்பியே வருவதில்லை! சாஹாவின் பெட்டியிலும், பூக்காரக் கிழவியின் முடிச்சிலும், பால்காரரின் பானையிலும் அது பாட்டுக்குத் தூங்குகிறது. யாரும் காப்பி கேட்டு வரப்போவதில்லை. அப்படியானால் ஈர்க்குச்சியும் காவியும் இருக்கிறவரை கடையில் உள்ளதெல்லாம் தன்னுடையதுதானே? வெறுங்கையால் முழம் போட முடியாது என்பார்கள். மாமி நாலு மத்தியானம் உட்கார்ந்து கோலமாகப் போட்டே ஆறு கஜம் புடவை வாங்கிவிட்டாள். அறுநூற்று நாற்பது சீட்டு. ஏற்கனவே வெளியில் இருந்தது அறுநூற்றெழுபது.

புடவையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சந்தோஷம்தான். ஆனால் அன்றிலிருந்து காப்பிக்கொட்டை டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எத்தனை டம்ளருக்குத் தேறும் என்று மனசு கணக்குப் போட்டது. புடவையை மூன்று வாரமாகியும் கட்டிக்கொள்ளக் கை வரவில்லை.

ராஜாராமன் என்று ஒரு பையன். பதினாலு பேரில் அவன்தான் வம்புக்குத் தலைவன். ரயில் கூட்ஸ் ஆபீஸில் வேலை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாஹாவின் கடையில் வெற்றிலை போட்டுக்கொண்டே, "இனிமே மாமி வீட்டில் காப்பி அவ்வளவுதான். கூட்ஸ் வண்டியெல்லாம் சண்டைச் சாமானுக்குப் போயாச்சு. மதராஸ் பார்சல் ஒரு மாசத்துக்கு வராது" என்று அளந்துவிட்டான். நிஜமும் அதுதான். ஆனால் நிஜத்தை எந்தக் கடையில் நின்று சொல்வது என்று ஒரு கணக்கு உண்டில்லையா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா பாவி!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்குக் கொல்லைக் கதவைத் திறந்த மாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னால் ஹரிபத சாஹா, தோளில் ஒரு கோணிப்பை. பின்னால் நாவிதர், பால்காரர், பூக்காரக் கிழவி, இன்னும் முப்பது பேர். கையில், மடியில், முடிச்சில் மஞ்சள் மஞ்சளாகக் கோலம்.

"மா டாக்ருன்" என்றார் சாஹா. பிராமண வீட்டு அம்மாவை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் ஆயிரத்து நூறு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இன்றைக்கே காப்பி கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால், நான் குடும்பஸ்தன், தாணாவுக்குத்தான் போகவேண்டியிருக்கும்."

உள்ளே பூஜையறையில் சுந்தரேசன் தாணா என்ற வார்த்தையைக் கேட்டு ஸ்வாமி படத்துக்குப் பின்னாலேயே போய்விடலாமா என்று பார்த்தார்.

மாமி அடுக்களைக்கு ஓடி டப்பாவைத் திறந்தாள். எண்பது டம்ளருக்குப் பொடி இருக்கும். வெளியில் நிற்பதோ ஆயிரத்து முந்நூறு சீட்டு. அவளுக்குக் கண்ணில் ஜலம் வந்தது. அந்த மனுஷர் இருபத்திரண்டு வருஷமாக ஒரு நோட்டைத் தவறாக எண்ணினதில்லை. தன்னுடைய புடவைப் பைத்தியத்தால் அவர் தலை குனிய வேண்டுமா? அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகிக்கொண்டு, சிரித்த முகமாக வெளியே வந்தாள்.

"யார் இல்லைன்னா? வரிசையா வாங்கோ. ஹரிபதா பாபு, நீங்கதான் முதல்ல."

கொதிக்கக் கொதிக்க ஒரு பித்தளை டம்ளர் வந்தது. சாஹா ஆவலாக வாயருகே கொண்டுபோனார்.

"எண்டோ! எண்டோ!" என்று மாமி அலறினாள். வங்காளியில் எச்சிலுக்கு அதுதான் வார்த்தை. "உதட்டுல படப்படாது! அண்ணாந்து விட்டுக்கணும். எங்காத்து டம்ளர் அது."

அந்தக் காலத்து வீடு, அந்தக் காலத்து ஆசாரம். அது சரியா தப்பா என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஆசாரம் மாமிக்குப் பண்ணின உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. சாஹா அண்ணாந்து டம்ளரைச் சாய்த்தார். முதல் தாரை மூக்கில் போயிற்று. இரண்டாவது தாரை சட்டைக்குள் போயிற்று. மூன்றாவது, சரியாகத் தொண்டையில் விழுந்து, உள்நாக்கைப் பொசுக்கிற்று. "ஓ மா கோ!" என்று அவர் போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன.

"எப்படி இருக்கு?" என்றாள் மாமி.

"கசப்பு!" என்றார் சாஹா, கண்ணீரோடு. "வேப்பெண்ணெயைக் காய்ச்சினீர்களா?"

"இன்னும் ஆயிரத்துத் தொண்ணூத்தொம்பது இருக்கு. ஆத்தறேன், உட்காருங்கோ. கையில எடுத்துண்டு போக முடியாது. இங்கேயே குடிக்கணும்."

அடுத்தவர் உதட்டில் பட்டுவிட்டது. உடனே மாமி அந்த டம்ளரைப் புளி போட்டு, சாம்பல் போட்டு, மூன்று தரம் தேய்த்தாள். அவசரமே இல்லாமல் தேய்த்தாள். பிறகு புது டிகாக்ஷன் இறங்கவேண்டும். அது சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. பதினொரு மணிக்குள் பதினேழு காப்பி ஆகியிருந்தது. மூன்று காப்பி குடித்த சாஹா நெஞ்சு படபடக்கக் கொல்லைச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் கூட்டம் கலையவில்லை. எத்தனை நாழி தேய்ப்பாள்? மத்தியானத்துக்கு மேல் தாங்காது என்று மாமிக்குத் தெரிந்தது. அந்தச் சமயத்தில் பையன்கள் சாப்பாட்டுக்கு வந்து இலைமுன் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாமி ரசம் விட்டுக்கொண்டே போனாள். ராஜாராமன் இலையருகே வந்ததும் அவள் கரண்டி நின்றது. யோசனையும் அங்கேதான் பிறந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்கோ. இந்த மாசச் சாப்பாட்டுப் பணம் பத்து ரூபாயில, மூணு ரூபாய் எனக்குக் கோலச் சீட்டாத்தான் வேணும். தலைக்குத் தொண்ணூத்தாறு சீட்டு. சாயங்காலத்துக்குள்ள வரணும். வராதவாளுக்கு நாளைக்கு இலை கிடையாது."

பதினாலு கையும் பிசைவதை நிறுத்தின. "எங்ககிட்ட ஏது மாமி சீட்டு? ரூபாயாவே தரோமே" என்றான் ராஜாராமன்.

"ரூபாய் யாருக்குடா வேணும்? வெறும் காகிதம்!"

"அப்ப நாங்க எங்கே போறது?"

"கொல்லையில ஹரிபதா கோணியோட உட்கார்ந்திருக்கான் பாரு. நீதானே அவனுக்குச் சேதி சொல்லி அனுப்பினே? கையலம்பிண்டு போய்க் கேளு."

கல்கத்தாவில் வேறு எங்கே ரசம் கிடைக்கும்? வேறு எங்கே மோர் சாதத்துக்கு மாகாளிக் கிழங்கு போடுவார்கள்? பதினாலு பேரும் பாயசத்துக்குக்கூடக் காத்திராமல் எழுந்து ஓடினார்கள். பதினாலு தொண்ணூற்றாறு ஆயிரத்து முந்நூற்று நாற்பத்துநாலு. வெளியில் இருந்த சீட்டு எல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு தேறாது. மாமி அதைக் கணக்குப் போட்டுத்தான் சொன்னாள் என்பது யாருக்கும் தெரியாது.

கொல்லையில் கண்கொள்ளாக் காட்சி. "ரூபாய்க்கு முப்பத்திரண்டு கொடு" என்று ஒரு பையன் சாஹாவின் முன்னால் ரூபாயை ஆட்டினான். "எனக்கு முப்பதே போதும்" என்றான் இன்னொருவன். சாஹாவின் நெஞ்சுப் படபடப்பு அந்த க்ஷணமே நின்றுவிட்டது. கோணியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இருபத்தெட்டு!" என்றார். பூக்காரக் கிழவி தன் முடிச்சை அவிழ்க்காமல் இறுக்கினாள். "எனக்கும் இருபத்தெட்டு!" காப்பி குடித்துச் சீட்டைத் தொலைத்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கொல்லையில் ஈ, காக்கை இல்லை. தாணாவைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. லாபம் பார்த்த கையோடு எவனாவது புகார் கொடுப்பானா?

சீட்டு முழுவதும் மாமியிடம் வந்து சேர்ந்தது. குறைந்ததற்குப் பையன்களைப் பிடித்து நெருக்காமல் காசாகவே வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். பெண்ணின் கல்யாணப் பத்திரிகை நீலமாக எரிந்தது. சுந்தரேசன் பக்கத்தில் நின்று கடைசித் துண்டு சாம்பலாகும்வரை பார்த்துவிட்டு, அந்த வருஷத்தில் முதல் தடவையாக நிம்மதியாக ஏப்பம் விட்டார்.

ஆனால் ஒன்று. காகிதம் திரும்பி வந்தது என்றால், காசு வரவில்லை என்று அர்த்தம். அந்த மாசம் பதினாலு வயிற்றுக்கும் சோறு போட நாற்பது ரூபாய் துண்டு விழுந்தது. புடவை இலவசம் என்று நினைத்திருந்தாளே, அதற்கு விலை இப்போதுதான் கேட்டு வந்தது. மாமி பெட்டியைத் திறந்து மாம்பழப் பட்டைக் கடைசியாக ஒரு தரம் தடவிப் பார்த்தாள். அழுதாள் என்றே சொல்லவேண்டும். பிறகு ராஜாராமனைக் கூப்பிட்டாள்.

"தை மாசம் உனக்குக் கல்யாணமாமே? பொண்ணுக்குக் காசிப் பட்டு எடுக்க வேண்டாமோ? இருபத்தஞ்சு ரூபாய். உன் வாயால வந்த வினைக்கு அஞ்சு ரூபாய் சேர்த்திருக்கேன்."

ராஜாராமன் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தான். மீதிப் பதினைந்து ரூபாய்க்கு என்ன செய்வது என்று மாமிக்கு வழி தெரியவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் ஹரிபத சாஹா தனியாக வந்தார். கொல்லைப்படியில் தயங்கித் தயங்கி நின்றார்.

"மா டாக்ருன், ஒரு நூறு சீட்டு கொடுங்களேன். ரூபாயாகவே தருகிறேன்."

"காப்பிப்பொடி இல்லை ஹரிபதா பாபு. பார்சல் வரலை."

"ஐயோ, காப்பி யாருக்கு வேண்டும்? அதைத்தான் குடித்துப் பார்த்தேனே!" சாஹா தொண்டையைத் தொட்டுக்காட்டினார். "எனக்குச் சீட்டுதான் வேண்டும். என் காசை நான் எதில் போட்டு வைப்பேன், சொல்லுங்கள்? நோட்டை நம்பினால் நாளைக்குச் சண்டையில் என்ன ஆகுமோ. வெள்ளியை வைத்தால் திருடன். உங்கள் சீட்டு ஒன்றுதான் கேட்டபோது இல்லை என்று சொல்லாமல் வந்தது."

மாமியின் கை ஒரு கணம் அரித்தது நிஜம். ஈர்க்குச்சி அதோ கூரைச் செருகலில் இருக்கிறது. நூறு கோலம், ஒரு மத்தியான வேலை. உள்ளே பாய்மேல் கண்ணை மூடிக்கொண்டிருந்த சுந்தரேசன், ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தவர், காதைத் தீட்டிக்கொண்டார்.

மாமி நிலைப்படியில் உட்கார்ந்தாள். "இங்கே பாருங்கோ. உங்ககிட்ட நிஜத்தைச் சொல்லிடறேன். அன்னிக்கு நீங்க ஆயிரத்து நூறு சீட்டோட வந்தேளே, என் டப்பாவுல எண்பது டம்ளருக்குத்தான் பொடி இருந்தது. மிச்சமெல்லாம் வெறும் கோலம். நான் ஒரு புடவைக்கு ஆசைப்பட்டு இஷ்டத்துக்குப் போட்டுத் தள்ளிட்டேன். என்னை நம்பாதீங்கோ. போங்கோ."

சொல்லிவிட்டு, அவர் கத்தப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டாள். சாஹா கத்தவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"இருபது வருஷமாக வியாபாரம் பண்ணுகிறேன் மா. வட்டிக்கார மகாஜன், பாங்கு, ஜமீன்தார், எத்தனையோ பேரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாந்தவன். பெட்டியில் ஒன்றுமில்லை என்று தன் வாயால் சொன்ன ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். உங்களிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பேன்?"

இடுப்பிலிருந்து ஒரு துணிப்பையை அவிழ்த்துப் படியில் வைத்தார். நாற்பது வெள்ளி ரூபாய். ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்த வெள்ளி! "சீட்டுகூட வேண்டாம். உங்களிடம் இருக்கட்டும், போதும்" என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்திருப்பதற்குள் சந்தில் இறங்கி விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

துண்டு விழுந்த பணமும் தீர்ந்து, மேலும் மிஞ்சும். பை படியில் உட்கார்ந்து மாமியைப் பார்த்தது.

"ஏன்னா!" என்று அவள் போட்ட சத்தத்தில் சுந்தரேசன் பாயிலிருந்து எழுந்தே நின்றார். "ஓடுங்கோ. இதைக் கொண்டுபோய் அவன்கிட்டயே கொடுத்துட்டு வாங்கோ. இன்னொரு தரம் இந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

சுந்தரேசன் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஹரிபதா பாபு! ஹரிபதா பாபு!" என்று கூவிக்கொண்டு, பட்டப்பகலில், காளிகாட் சந்தில், ஆயுசில் முதல் தடவையாக உரத்த குரலில் கத்திக்கொண்டு ஓடினார். நாவிதரின் மரத்தடியில் சாஹாவைப் பிடித்தார். சும்மா கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆபீஸ் பழக்கம் விடுமா? நாவிதரின் முக்காலியில் பையைக் கொட்டி, ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பதுவரை எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணி, "சரியா இருக்கா? உங்க பணம் உங்ககிட்டயே வந்தாச்சு. எங்களுக்கு வேண்டாம்" என்று கைகூப்பிவிட்டுத் திரும்பினார். சந்தே வேடிக்கை பார்த்தது. தானாக வந்த பணத்தைத் துரத்திக்கொண்டு ஓடி, எண்ணித் திருப்பிக் கொடுக்கிற வீட்டை அந்தச் சந்து அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு மாமி கொல்லைக் கதவைத் திறந்தாள். முன்னால் சாஹா. பின்னால் நாவிதர், பால்காரர், செம்பருத்திக் கிழவி, அவர்களுக்குப் பின்னால் அவள் பெயரே அறியாத எட்டு, பத்துப் பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை.

"ஏன்னா, இங்கே வாங்கோளேன்" என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள் மாமி. அழுகையா சிரிப்பா என்று அவள் குரலுக்கே தெரியவில்லை. "வாங்க வந்த கூட்டத்தைக் காப்பியைக் கொடுத்து விரட்டினேன். கொடுக்க வந்த கூட்டத்தை எதைக் கொடுத்து விரட்டறது?"